மொக் பாய் எல்லையில் 25 டாலர் கணக்கு

ஹோ சி மின் நகரிலிருந்து சுமார் 70 கி.மீ. தொலைவில் இருக்கிறது மொக் பாய். இந்தப் பக்கம் வியட்நாமின் குடியேற்றச் சாவடி. அந்தப் பக்கம் கம்போடியாவின் பாவெட். வரிசையாகச் சூதாட்ட விடுதிகள். மலிவு விமான டிக்கெட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருந்த இந்தியப் பயணி ஏமாறக்கூடிய இடமும் இதுதான்.

ஹோ சி மின் நகருக்குப் போகவர டிக்கெட். நடுவில் பஸ் பிடித்து அங்கோர் கோயில்கள். திட்டம் கச்சிதமாகத்தான் தெரியும். வியட்நாமின் இ-விசா ஒரு முறை நுழைய 25 டாலர், பல முறை நுழைய 50. அதிகபட்சம் 90 நாள் செல்லும். தேதி மிச்சமிருக்கிறதே என்ற தெம்பில் 25 டாலர் விசாவோடு எல்லையைத் தாண்டுகிறார் பயணி. அத்தோடு அந்த விசா தீர்ந்தது. ஊர் திரும்பும் விமானமோ வியட்நாமில்! புது விசாவுக்குச் சில வேலை நாட்கள் ஆகும், விமானம் காத்திருக்காது.

ஒன்று, 50 டாலர் விசா. இல்லையென்றால், வந்த வழி திரும்பாத பயணம்: ஹனோயில் இறங்கி, 1,726 கி.மீ. ரயில் பாதையில் தெற்கே வந்து, மொக் பாயைத் தாண்டி, கம்போடியத் தலைநகர் நோம் பென்னில் விமானம் ஏறுவது. எப்படியானாலும் முதலில் பார்க்க வேண்டியது விசா விதி. டிக்கெட் விலை அப்புறம்.