உடைந்த ஹீற்றர் பிளக்கும் நாங்கள் மறைத்த விசயமும்



குறிகட்டுவான் இறங்குதுறையில் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், "சேர், உங்கட வானைக் காணேல்லை, வித்துப்போட்டீங்களோ?" என்று. விற்கவில்லை. ஒரு சின்னவிரல் அளவு இரும்புத்துண்டு எங்களை ஒரு கிழமைக்கு மேல் பஸ்ஸில் ஏற்றிவிட்டது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். வான், டிராக்டர் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து தீவகப் பாடசாலைகளுக்குப் போய்வரும் ஆறு ஆசிரியர்கள். பழைய 'டொல்பின்' ஹயஸ் வான் ஒன்றைப் பங்குபோட்டு வாங்கி ஓடுகிறோம். எங்களில் இரண்டு பேர் சுப்ஹு தொழுதுவிட்டு வானை எடுக்க, மற்றவர்கள் வழியில் ஏறுவார்கள். பண்ணைப் பாலம் தாண்டி வேலணையில் இரண்டு பேர், புங்குடுதீவில் ஒருவர் இறங்க, மிச்சம் மூன்று பேர் குறிகட்டுவானில் நயினாதீவுப் படகு பிடிக்க வேண்டும். வான் பிந்தினால் படகு போய்விடும். படகு போனால் முதல் பாடமும் போய்விடும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வான்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது எல்லாருக்கும் தெரியும். அதனால் இந்த வானை நாங்கள் பிள்ளை மாதிரித்தான் பார்த்துவந்தோம். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சில மாதமாகக் காலையில் ஸ்ரார்ட் எடுக்கக் கஷ்டம். வெள்ளைப் புகை வேறு. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை இறுக்க, அது 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றும். எஞ்சின் குளிர்ந்து கிடந்தால் சுற்றியுள்ள இரும்பு அந்தச் சூட்டை இழுத்துவிடும். அதற்காகத்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீற்றர் பிளக். திறப்பைத் திருப்பியதும் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியுமே, அந்த நேரம் பிளக்கின் நுனி உள்ளே தணலாகிக்கொண்டிருக்கும்.

எங்கள் ஊர் வெக்கையில் நான்கில் இரண்டு பிளக் செத்தாலும் வண்டி எப்படியோ ஸ்ரார்ட் ஆகிவிடும். அதனால் யாரும் அதைக் கழற்றிப் பார்ப்பதில்லை. பத்துப் பதினைந்து வருசம் ஒரே இடத்தில் கிடக்கும். உள்ளே கரி பிடிக்கும், வெளியே கடல் உப்புக்காற்றில் துரு பிடிக்கும். புரியும் ஹெட்டும் ஒன்றாகிவிடும்.

மல்ரிமீற்றர் வைத்துப் பார்த்தோம். நல்ல பிளக் ஒன்று ஓம் அளவு, அதற்கும் குறைவாகவே காட்டும். எங்களுடையதில் இரண்டு ஒன்றுமே காட்டவில்லை. புதிதாக நான்கு வாங்கிவந்து, ஒரு சனிக்கிழமை முன்சீற்றைத் தூக்கி வேலையைத் தொடங்கினோம். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள். எங்களில் நான்கு பேருக்கு மேற்பார்வைக் கடமை.

மூன்று பிளக் வந்தது. கடைசிச் சிலிண்டர் பிளக் அசையவில்லை. எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவிட்டிருக்க வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி, முன்னுக்கும் பின்னுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்திருக்க வேண்டும். நாங்கள் ஸ்பானர் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி ஒரே இழுவையாக இழுத்தோம். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அறுகோணத் தலை கையோடு வந்தது. உடல் உள்ளேயே இருந்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஞாயிறன்று வீடியோ பார்த்து, உடைந்த பிளக்கில் துளை போட்டு, இடப்பக்கம் சுற்றும் எக்ஸ்ட்ராக்டரை இறக்கித் திருகினோம். அதுவும் உள்ளேயே உடைந்தது.

திங்கள் வேறொரு வானில் கயிறு கட்டி வேலணைக்கு இழுத்துப் போனோம். அங்கே ஒரு மெக்கானிக் அண்ணை. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். படகு எஞ்சின்களோடு வளர்ந்தவர். குனிந்து பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்: "சேர், இதில நீங்கள் ஏதும் கை வைச்சனீங்களோ?"

"இல்லையண்ணை, கழற்றேக்க உடைஞ்சது" என்று சொன்னோம். நாங்கள் மூன்று பேர் நின்றோம். ஒருவர் சொன்னார், மற்ற இரண்டு பேரும் பேசாமல் நின்றோம். ஆகவே மூன்று பேரும் சொன்னதுதான்.

அவர் நம்பி, தன்னுடைய நல்ல பிட்டைப் போட்டார். அரை நிமிசத்தில் முறிந்தது. டோர்ச் அடித்துப் பார்த்தார். "உள்ளுக்கு வேற இரும்பொண்டு கிடக்கு" என்றார். சத்தம் போடவில்லை. எக்ஸ்ட்ராக்டர் மிகக் கடினமான உருக்கு, சாதாரண பிட் அதை வெட்டாது. மெதுவான பக்கம் சறுக்கி ஹெட்டையே குடைந்துவிடும். அப்படிக் குடைந்திருந்தால் ஹெட்டைக் கழற்றி யாழ்ப்பாணத்து லேத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். காசும் போயிருக்கும், பரீட்சையும் தாண்டியிருக்கும்.

அப்போதுதான் சொன்னோம், "அண்ணை, அது நாங்கள் உடைச்சதுதான்" என்று.

"முதலே சொல்லியிருந்தா வேற மாதிரித் தொடங்கியிருப்பன் சேர்" என்றார். அவ்வளவுதான்.

கடினமான உருக்கு உடையக்கூடியது என்பதால், சின்னப் பஞ்ச் வைத்துத் தட்டித் தட்டி எக்ஸ்ட்ராக்டரை நொறுக்கினார். துண்டுகளைக் காந்தத்தால் எடுத்தார். இரண்டு பின்னேரம் அதற்கே போனது. பிறகு லேத்தில் கடைந்த சின்னக் குழாயொன்றை வழிகாட்டியாக வைத்து, பிட்டில் கிறீஸ் பூசி, சிறிய பிட்டில் தொடங்கி மெல்ல மெல்லப் பெருப்பித்தார். தூள் உள்ளே விழாமல் கிறீஸ் பிடித்துக்கொள்ளும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை துடைத்தார். புரியில் மிஞ்சிய கோதை ஊசியால் கிளப்பி எடுத்தார். உள்ளே நின்ற சூடாக்கும் தண்டுக்குப் புரி வெட்டி, போல்ட் மாட்டி, சறுக்குச் சுத்தியலால் இழுத்தார். சனி அஸருக்குப் பிறகு அது கையில் வந்தது. இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு எஞ்சினை வெறுமனே சுற்றி, மிஞ்சிய தூளைக் காற்றோடு வெளியேற்றினார். புதுப் பிளக்கின் புரியில் செப்புக் கிறீஸ் பூசி, விரலால் திருகி, கடைசியில்தான் ஸ்பானர் போட்டார். குழாய் போடவில்லை.

கூலி வாங்கினார். முறிந்த பிட்டுக்குக் காசு வேண்டாம் என்றார். கட்டாயப்படுத்திக் கொடுத்தோம்.

எங்களில் ஒருவர் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். ஆய்வுகூடத்தில் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு தவணையும் சொல்வது: "வந்த வாசிப்பை எழுது, வரவேண்டிய வாசிப்பை எழுதாதே." பிழை செய்த பிள்ளை மறைத்தால் எங்களுக்குக் கோபம் வரும். வாழைப்பழத் தோல் மாதிரி வழுக்கிய அந்த 'இல்லையண்ணை' எங்கள் வாயிலிருந்து எவ்வளவு இலேசாக வந்தது என்பதை இன்னும் நினைத்துக்கொள்கிறோம். வானும் அமானிதம், அவரிடம் சொல்லவேண்டியிருந்த உண்மையும் அமானிதம்.

உறவுகளே, உங்கள் டீசல் வண்டியில் ஹீற்றர் பிளக் எப்போது கழற்றியது என்று யோசித்துப் பாருங்கள். சுகமாக ஓடும்போதே, எண்ணெய் விட்டு ஊறவிட்டு, தெரிந்த ஒருவரைக் கொண்டு வருசத்துக்கு ஒருமுறை கழற்றிப் பூட்டுங்கள். உடைந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். கராஜுக்குப் போனால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

பரீட்சை முதல்நாள் அதிகாலை திறப்பைத் திருப்பினோம். விளக்கு எரிந்து அணைந்தது. ஒரே சுற்றில் எடுத்தது, புகை இல்லை. அல்ஹம்துலில்லாஹ். நேரத்துக்குப் படகு பிடித்தோம்.