டயர் படிக்கிற கை

2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவில் ஓடப்போகின்றன என்றதும் சென்னையில் எங்கே பார்த்தாலும் கார் பேச்சுதான். ஆதரித்தவர்களும் திட்டியவர்களும் ஓட்டுநர், வேகம், செலவு என்றே பேசினார்கள். அந்தக் கார்களின் டயரைக் கழற்றி மாட்டுகிறவர்களைப் பற்றி எங்கும் ஒரு வரி வாசித்த நினைவில்லை. இதை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "என் மச்சான்கிட்ட ஒரு போர்ஷே இருக்கு. வாரநாள்ல ஆபீஸுக்கு ஓட்டுவான், சில ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை டிராக்குல ஓட்டுவான். இப்ப டயர் மாத்தப் போறான். கூடப் போய்ப் பாருங்களேன்" என்றார்.

போர்ஷே 718 கேமன், இரண்டே பேர் உட்காரும் கார். எஞ்சின் இருக்கைக்குப் பின்னால். முன் டயர் 235/45 ஆர் 18, பின் டயர் 265/45 ஆர் 18. மில்லிமீட்டரில் அகலம், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அங்குலத்தில் ரிம் அளவு என்று வரிசையாகப் படிக்க வேண்டும். முன்னும் பின்னும் அளவு வேறு என்பதால், நாம் வீட்டுக் காரில் செய்வதுபோல முன் டயரைப் பின்னுக்கு மாற்றி ஆயுளை நீட்டிக்க வழியில்லை. தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

அண்ணா சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் கடை. வாசலில் ஏசி அறை, கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று டயர் அடுக்கு. வேலை நடப்பது பின்பக்கத் தகரக் கொட்டகையில். அங்கே கம்ப்ரஸர் சத்தத்துக்கு நடுவில் அறுபதை நெருங்கும் ஒருவர் இருந்தார். பையன்கள் 'மாமா' என்று கூப்பிட்டார்கள். நான் 'அண்ணே' என்றேன்.

பழைய டயரைக் கழற்றியதும் அவர் அளவுகோலைத் தேடவில்லை. உள்ளங்கையைத் தரையில் படும் மேற்பரப்பான ட்ரெட் மேல் வைத்து வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை வருடினார், பிறகு உள்ளேயிருந்து வெளியே. "நீங்க வெச்சுப் பாருங்க சார்" என்றார். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போனது, மறு திசையில் அரம் போலப் பிடித்தது. "டோ தப்பா இருக்கு. சக்கரம் நேராப் பாக்காம ரோட்டைத் தேச்சுக்கிட்டே போயிருக்கு. இதைச் சரி பண்ணாம புது டயர் போட்டா பணம் தண்டம்."

அடுத்து முன் டயரில் ட்ரெட்டும் பக்கச்சுவரும் சேரும் வெளி ஷோல்டரைக் காட்டினார். ரப்பர் உருகித் திரண்டு மணல் ஒட்டியதுபோல் இருந்தது. பக்கச்சுவரில் ஒரு சின்ன முக்கோணம் உண்டு. தேய்மான அளவைக் காட்டும் 1.6 மி.மீ. மேடு எங்கே இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. தேய்மானம் ட்ரெட்டைத் தாண்டி அந்த முக்கோணத்துக்குக் கீழேயும் இறங்கியிருந்தது. "டிராக்குல காத்தைக் கொறச்சு வெச்சு வளைவுல வேகமாப் போயிருக்கீங்க. டயர் மடங்கிச் சுவரே தரையைத் தொட்டிருக்கு." மச்சான் தலையாட்டினார். மச்சான் கார் ஓட்டி அந்தப் பெரியவர் பார்த்ததே இல்லை.

மச்சான் மனத்தில் ஏற்கெனவே ஒரு டயர் இருந்தது: மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் கப் 2. சாலையில் ஓட்ட அனுமதியுள்ள, ஆனால் டிராக்குக்காகவே பிறந்த டயர். அதன் ட்ரெட்வேர் எண் 180. அதே கம்பெனியின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ் டயருக்கு 300. இந்த எண்ணுக்கான சோதனை அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் ஏஞ்சலோ ஊரில் நடக்கிறது. 400 மைல் பாதையில் மொத்தம் 7,200 மைல் ஓட்டி, ஒப்பீட்டு டயரின் தேய்மானத்தை 100 என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறார்கள். எண் பெரிதானால் ஆயுள் கூடும், பெரும்பாலும் பிடிமானம் குறையும். ஆனால் எண்ணை அறிவிப்பது டயர் கம்பெனியேதான். ஒரு கம்பெனியின் 200-ஐ இன்னொரு கம்பெனியின் 200-ஓடு ஒப்பிட்டுச் சண்டை போடுவது வீண்.

பெரியவர் இந்த எண்களுக்குள் போகவில்லை. "மழையில இந்த வண்டியை எடுப்பீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். எடுக்காமல்? நவம்பர் மழையில் வேளச்சேரி வழியாக அலுவலகம் போகிறவர் மச்சான். கப் 2 மாதிரி டயரில் பள்ளங்கள் குறைவு. காய்ந்த தரையில் ரப்பர் அதிகம் படும், அதனால் பிடிமானம். தேங்கிய தண்ணீரில் அதுவே வினை. நீரை வெளியே தள்ள வழியில்லாமல் டயர் நீர்மேல் மிதக்கும், ஸ்டியரிங் கையில் வெறுமனே சுற்றும். பாதி தேய்ந்த பிறகு இன்னும் மோசம்.

பேச்சு இங்கே நின்றது. கடை முதலாளி புதிய டயரோடு வந்து, "இது ஸ்டாக்குல இருக்கு, நல்ல தள்ளுபடி" என்றார். பெரியவர் ஒன்றும் பேசாமல் டார்ச்சை எடுத்துப் பக்கச்சுவரில் அடித்துவிட்டு நகர்ந்தார். நான் குனிந்து பார்த்தேன். டாட் என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு வருடம். மூன்று வருடத்துக்கு முந்தைய சரக்கு. பள்ளம் புதிதாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும், இறுகும். டிராக்கில் அதுதான் முதலில் தெரியும்.

இங்கே எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. உள்நாட்டுத் தொழிற்சாலைகளைக் காப்பது நோக்கம், அதில் நியாயமுண்டு. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். இன்று எங்கே இருக்கிறது! இருங்காட்டுக்கோட்டை டிராக்கைச் சுற்றி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஜே.கே., அப்பல்லோ என்று ஆலைகள். ஆனால் இந்தக் காரின் டயருக்கு இன்னும் கப்பலைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. சரக்கு அரிதானதும் நடுவில் நிற்பவர்களுக்குக் கொண்டாட்டம். பழைய வாரத்துச் சரக்கைத் 'தள்ளுபடி' என்று தள்ளுகிறார்கள். வண்டியைக் கடைக்குக் கூட்டிவருபவருக்கு ஒரு கமிஷன், பில் போடுபவருக்கு ஒரு கமிஷன். டயரைக் கையால் தொடுகிறவருக்கு மாதச் சம்பளம் மட்டும். இந்தக் காரின் ஒரு பின் டயர் விலை தன் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம் என்று அவரே சொன்னார், புகாராக அல்ல, அளவு சொல்வதுபோல.

பெரியவர் பதினாலு வயதில் அச்சிறுபாக்கம் பக்கம் ஜி.எஸ்.டி. சாலைப் பஞ்சர் கடையில் சேர்ந்தவர். அப்போது லாரி ரிம்மில் இரும்பு ரிங் இருக்கும். காற்றடிக்கும்போது சரியாக உட்காராத ரிங் தெறித்தால் ஆள் காலி. அவருடைய இடது முன்கையில் முழங்கை வரை ஓடும் தழும்பு அப்படி வந்தது. பக்கத்தில் நின்றவர் பிழைக்கவில்லை. அந்தக் காலத்து இரும்பு லிவர் இன்னும் அவரிடம் இருக்கிறது. முனையில் சைக்கிள் ட்யூபை வெட்டி இறுக்கிச் சுற்றியிருக்கிறார், அலாய் ரிம்மில் கீறல் விழாமலிருக்க. கொட்டகையில் இறக்குமதி மெஷின் இருந்தும் கடைசி விளிம்பை அந்த லிவரால்தான் தூக்கினார்.

முதலாளி காட்டிய பழைய சரக்கை வாங்கவில்லை; வேறு டயர் வந்ததும் அதை மாட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வால்வுக்கு நேராக ரிம்மில் சாக்பீஸ் கோடு போட்டார். உள்ளே காற்றழுத்த சென்சார் இருப்பது அங்கேதான், மெஷின் அதை நசுக்கிவிடக்கூடாது. புது டயரில் ஒரு மஞ்சள் புள்ளி இருந்தது. டயரின் எடை குறைந்த இடம் அது, அதை வால்வோடு பொருத்தினார். சோப்புக் குழம்பு தடவி, லிவரை நுழைத்து, உடம்பைச் சாய்த்தார். காற்று ஏறியதும் 'டப் டப்' என்று இரண்டு சத்தம், இரண்டு விளிம்பும் உட்கார்ந்தன. போல்ட்டை ஏர் கன்னால் முழுக்க முறுக்கவிடவில்லை. டார்க் ரென்ச்சில் 160 நியூட்டன் மீட்டர், கிளிக் என்றதும் கை எடுத்தார். பிறகு அலைன்மென்ட். கேம்பர், காஸ்டர் என்று திரையில் பச்சையும் சிவப்பும் மாறிக்கொண்டிருந்தன. எனக்குப் பாதி புரியவில்லை, டீ குடிக்கப் போய்விட்டேன்.

மாட்டியது பைலட் ஸ்போர்ட் 4 எஸ், புது வாரத்துச் சரக்கு. வரக் காத்திருக்க வேண்டியிருந்தது. இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கி.மீ. டிராக்கில் அதை ஓட்டிய ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். நாலு சுற்று முடிந்து உள்ளே வந்ததும் அளந்தால் 30 பி.எஸ்.ஐ.யில் வைத்த காற்று 37-ஐத் தாண்டியிருந்தது. இறக்கிவிட்டு மறுபடி ஓட்டினார். கப் 2 போட்ட நண்பர் ஒருவர் சுலபமாக முந்திப் போனார். மச்சானுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

என் தீர்ப்பு: மாதம் ஒருமுறைகூட டிராக்குக்குப் போகாதவர் மழைக்குத்தான் டயர் வாங்க வேண்டும். அடிக்கடி போகிறவர் இன்னொரு செட் ரிம் வாங்கி, டிராக் டயரை அதில் மாட்டி வைக்கட்டும். எதை வாங்கினாலும் பணம் கொடுப்பதற்கு முன் அந்த நான்கு இலக்கங்களைப் பாருங்கள். மாட்டுபவரின் கையில் நேராகக் கொஞ்சம் பணம் கொடுங்கள், பில்லில் அவர் பங்கு எதுவுமில்லை.