ஏட்டுச் சுரைக்காய்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

என் சித்தப்பா மகன் தோட்டத்துக் கிணற்றில் தவறி விழுந்தபோது எனக்கு வயது பன்னிரண்டு, அவனுக்குப் பதினொன்று. இருவருக்கும் நீச்சல் தெரியாது. எட்டிப் பிடித்துவிடலாம் என்ற எண்ணத்தில் படியில் நின்றபடி, "கையைத் தூக்குடா, கையைத் தூக்கு!" என்று கத்தினேன். தூக்கினான். கைகள் தெரிந்தன, முகம் தெரியவில்லை. பிறகு கைகளும் தெரியவில்லை.

குதித்துத் தேடியவர்களுக்கு அகப்படாத உடல் மூன்றாம் நாள் தானே மிதந்தது. "கேட்ட பலியை வாங்கிக்கொண்டு கிணறு உடலைத் திருப்பித் தந்துவிட்டது" என்றார்கள் ஊரார். எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தையாரும் நம்பினார்; நானும் நம்பினேன்.

சென்ற ஆண்டு ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் கேட்டார்: "மனிதன் மிதப்பானா, மூழ்குவானா?" அவரே கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டினார். நன்னீரின் அடர்த்தி 1. மூச்சை நிறைய இழுத்தவரின் உடல் அடர்த்தி ஏறத்தாழ 0.96, முழுதும் வெளிவிட்டால் ஏறத்தாழ 1.02. ஆக, நம்மை மிதக்க வைப்பது நெஞ்சிலுள்ள காற்றே. 60 கிலோ எடையுள்ளவர் மூச்சை இழுத்தால் அவர் உடலின் பருமன் 62.5 லிட்டர். அதில் இரண்டரை லிட்டர் மட்டுமே நீருக்கு மேல் நிற்கும். தலை மட்டுமே நான்கு லிட்டருக்கு மேல்! மல்லாந்து படுத்தால் மூக்கும் வாயும் மேலே நிற்கும். கைகளைத் தூக்கினாலோ, முகம் உள்ளே போகும்.

என் பேனா நின்றுவிட்டது.

மூன்றாம் நாளின் மர்மமும் விளங்கியது. நுரையீரலில் நீர் புகுந்ததும் உடல் தாழ்கிறது. பின்னர் நுண்ணுயிர்கள் உடலைச் சிதைக்கையில் வாயுக்கள் பிறக்கின்றன, எடை கூடாமல் பருமன் கூடுகிறது, உடல் எழுகிறது. குளிர்ந்த நீரில் இதற்கு நெடுநாள் ஆகும். வெப்பமான நம் நாட்டுக் கிணற்றில் சில நாட்களே போதும். கிணற்றுக்குப் பசியும் இல்லை, இரக்கமும் இல்லை.

விடுமுறையில் தந்தையாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் கத்தியதையும் முதன்முறையாகச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் விடியலில் ஒரு சுரைக்குடுக்கையைக் கயிற்றில் கட்டி என் கையில் தந்து, "தங்கச்சியைக் கூட்டிக்கிட்டுப் போப்பா. நானும் வர்றேன்" என்றார்.

தந்தையார் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நான் படியில் நின்று சொன்னேன்: "மூச்சை இழுத்துக்கோ. மல்லாந்து படு. கையைத் தூக்காதே." நான்காம் நாள், குடுக்கை இல்லாமலேயே அவள் மிதந்தாள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதாம். நண்பர்களே, உதவாமல் போகட்டும். என் தங்கைக்கு உதவியது.