சொந்த மகரந்தம் வேண்டாம் என்ற பூ

டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிற இவனுக்குப் பூவும் மகரந்தமும் எதற்கு என்று சிரிக்காதீர்கள். எங்கள் அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனதும், அங்கேயே கிடந்ததும் ஒரு பூவினால்தான்.

பண்ருட்டிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் செம்மண் கொல்லை உண்டு. இருந்த முந்திரியை 2011 டிசம்பர் 30-ல் அடித்த தானே புயல் சாய்த்துவிட்டது. சில வருஷம் கழித்து அப்பா, சங்கிலியை வைத்து அறுபது சிமென்ட் கம்பம் நட்டு, சிவப்புச் சதை டிராகன் பழம் போட்டார். தெரிந்தவர் வீட்டில் நின்ற ஒரே செடியிலிருந்து ஒடித்த துண்டுகள்.

இரண்டாம் வருஷம் பூத்தது பாருங்கள்! ராத்திரியில் கை அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று விரியும். விடிந்து வெயில் ஏறினால் வாடும். ஒரு வாரத்தில் மஞ்சளாகி உதிரும். காய் மட்டும் இல்லை. அப்பா உரத்தை மாற்றினார், கண் திருஷ்டிக்குப் பூசணிக்காய் கட்டினார். கடைசியில், "புடுங்கிப் போட்டுட்டு மறுபடி முந்திரியே வைக்கலாம்" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படிக்கிற என் அத்தை மகன் சிதம்பரத்திலிருந்து வந்திருந்தான். கொல்லையைச் சுற்றிவிட்டுக் கேட்டான்:

"மாமா, எல்லாம் ஒரே செடியிலருந்து ஒடிச்சதா?"

"ஆமா."

"அப்போ அறுபது கம்பத்திலயும் நிக்கிறது ஒரே செடிதான் மாமா. பூ தன்னோட மகரந்தத்த ஏத்துக்கல."

இதற்குத் தன்-மலட்டுத்தன்மை என்று பெயராம். அவன் சொன்னதை நம் ஒர்க்‌ஷாப் பாஷையில் சொல்கிறேன். கோ, நோ-கோ கேஜ் தெரியுமல்லவா? 'கோ' முனை நுழைந்து, 'நோ-கோ' முனை நுழையாவிட்டால் ஜாப் பாஸ். முட்டைக்கோஸ், முள்ளங்கி இனத்தில் இது தலைகீழ். மகரந்தத்தின் மேலே ஒரு சின்னப் புரதம், சூல்முடியில் அதற்கேற்ற ஓர் ஏற்பி. இரண்டும் கச்சிதமாகப் பொருந்தினால் 'இது நம்ம வீட்டுது' என்று தெரிந்து ரிஜெக்ட்! மகரந்தத்துக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது. பொருந்தாத அயல் மகரந்தம்தான் பாஸ்.

பெட்டூனியாவில் வேறு மாதிரி. மகரந்தம் முளைத்து, குழல் சூல்தண்டுக்குள் இறங்கும். அங்கே ஆர்.என்.ஏ.வை வெட்டுகிற நொதி காத்திருக்கிறது. அயல் செடி நொதிக்கெல்லாம் மகரந்தத்திடம் மாற்று மருந்து உண்டு, சொந்தச் செடியின் நொதிக்கு மட்டும் கிடையாது. பாதி வழியில் குழல் நின்றுவிடும்.

அப்படியானால் சொந்த மகரந்தம் நோஞ்சானா என்று கேட்டேன். இல்லையாம். 1967-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ரங்கசாமி, சிவண்ணா இருவரும் பெட்டூனியாவின் சூல்முடி, சூல்தண்டு எதையும் தொடாமல், சூலகத்தைத் திறந்து சூல்களின் மேலேயே சொந்த மகரந்தத்தைத் தூவிச் சோதனைக் குழாயில் வளர்த்தார்கள். விதை பிடித்தது! வாட்ச்மேனைத் தாண்டிவிட்டால் உள்ளே தகராறு இல்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சும் பெயின்ட் பிரஷ்ஷுமாகக் கிளம்பினோம். பக்கத்து ஊரில் ஒருவர் வேலியோரம் வெள்ளைச் சதை ரகம் வைத்திருந்தார். அதன் மகரந்தத்தை டிபன் பாக்ஸில் தட்டி வந்து எங்கள் பூவில் பதினொன்றுக்குத் தடவினோம். இரண்டு பூவுக்கு மட்டும் அதனதன் மகரந்தத்தையே தடவி, சிவப்பு நூல் கட்டச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் காகிதப் பை மாட்டினோம். அப்பா சற்றுத் தள்ளி பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்து செம்மண்டலத்தில் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். சிவப்பு நூல் இரண்டும் தரையில் கிடந்தன. பதினொன்றில் ஒன்பது, அடியில் பச்சையாகப் பருத்திருந்தன. அப்பா ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மறுநாளே நாலு கம்பத்துக்கு வெள்ளை ரகத் துண்டு வாங்கி வந்து நட்டார்.

சங்கிலி இன்னும் மீளவில்லை. வட்டி மட்டும் கட்டியிருக்கிறோம். போன வாரம் அப்பா போன் செய்தார்.

"டேய், சனிக்கிழமை வரும்போது நல்ல பிரஷ்ஷா ரெண்டு வாங்கியா. நாப்பது மொட்டு இருக்கு."