பாட்டுப் போன பிறகு

ஜமைக்காவின் டப் இசையைக் கேட்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் டப்பைக் கேட்காதே என்பேன். ஜேக்கப் மில்லர் பாடிய ‘பேபி ஐ லவ் யூ சோ’ என்ற காதல் பாட்டைக் கேள். வாய் தானாக முணுமுணுக்கும்வரை கேள். பிறகு அதன் டப்பான ‘கிங் டபி மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’ போடு. அதே டிரம்ஸ், அதே பேஸ். குரல் எட்டிப் பார்க்கும், வரி முடியுமுன் அறுந்துவிடும். அறுந்த துண்டு எதிரொலித்துத் தேயும். அகஸ்டஸ் பாப்லோவின் மெலோடிகா வந்து நிற்கும். விடுபட்ட வரியை நம் மனம்தான் பாடி முடிக்க வேண்டும்.

இந்த வரிசையை எனக்குக் காட்டியவர் எண்பதுகளில் தென் லண்டனில் என்னோடு இரவு வேலை செய்த கிங்ஸ்டன்காரர். சிங்கிள் தட்டின் முன்பக்கத்தில் பாட்டு, பின்பக்கத்தில் அதன் ‘வெர்ஷன்’. முன்பக்கம் முடிந்தால்தான் பின்பக்கம் வைப்பார். ஸ்பீக்கர் வலையில் உள்ளங்கையை வைக்கச் சொல்வார். பேஸ் கையில் வந்து முட்டும். “இப்போது கேள்” என்பார்.

வெர்ஷன் பிறந்த கதையையும் அவர்தான் சொன்னார். அறுபதுகளின் கடைசியில் ஸ்பானிஷ் டவுன் சவுண்ட் சிஸ்டம்காரர் ரடி ரெட்வுட்டுக்கு ட்ரெஷர் ஐல் ஸ்டூடியோவில் ஒரு தட்டு வெட்டியபோது, இன்ஜினியர் குரலைச் சேர்க்க மறந்துவிட்டாராம். அந்த மொட்டைத் தட்டைப் போட்டதும், ஆட வந்த சனமே பாட்டைப் பாடியதாம். சவுண்ட் சிஸ்டம் என்றால் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டும் செட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: அதே போட்டி, அதே வீம்பு.

கிங் டபியும் அந்த உலகத்து ஆள்தான். சொந்தப் பெயர் ஆஸ்பர்ன் ரடக். ரேடியோ திருத்துவார், ஆம்ப்ளிஃபயர் செய்வார். வாட்டர்ஹவுஸ் பகுதியில் ட்ரொமிலி அவென்யூ வீட்டுக்குள் அவருடைய ஸ்டூடியோ. வாத்தியக் குழு நிற்க இடமில்லை, குளியலறைதான் பாடகருக்கு. வேறு ஸ்டூடியோக்களில் பதிந்த டேப் இங்கே வரும். டைனமிக் ஸ்டூடியோவிலிருந்து வாங்கிய பழைய நாலு டிராக் மிக்ஸரில் அவர் ஒன்றை ஏற்றுவார், ஒன்றை அடைப்பார், பேஸை மட்டும் தனியே நடக்க விடுவார். ஸ்பிரிங் பொருத்திய ரிவெர்ப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினால் இடி விழும். எதை வாசிப்பது என்பதைவிட எதை எப்போது எடுப்பது என்பதில் அவ்வளவு ரசனை இருக்க முடியுமென்று அதுவரை நான் நினைத்ததில்லை. 1989 பிப்ரவரியில் அவரைத் தெருவில் சுட்டுக்கொன்றார்கள்.

டப்பின் இன்னொரு பெரிய கை லீ பெர்ரி. அவருடைய பிளாக் ஆர்க் ஸ்டூடியோ அதற்கு முன்பே தீயில் போய்விட்டது. தானே கொளுத்தியதாக அவரே சொன்னதுண்டு. அவர் சொன்னதில் எதை நம்புவது என்பது வேறு கதை. 2021இல் அவரும் போனார்.

லண்டனில் எங்களுக்கு வாய்த்த சவுண்ட் சிஸ்டம்காரர் ஜா ஷாகா. இருட்டு மண்டபம். ஒரே ஒரு டர்ன்டேபிள். தட்டு மாற்றும் இடைவெளியில் பாட்டு நிற்கும், சைரன் அலறும், யாரும் அசையமாட்டார்கள். அடுத்த தட்டின் பேஸ் இறங்கும்போது நெஞ்சாங்கூடு அதிரும். 2023 ஏப்ரலில் அவரும் காலமானார். இயர்ஃபோனில் டப் கேட்கிற பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. ஆனால் டப்பில் பாதி உடம்பால் கேட்பது. முடிந்தால் ஒரு சவுண்ட் சிஸ்டம் இரவுக்குப் போய், பெட்டிக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

எனக்கு இன்றைக்குள்ள பெரிய குறை பின்பக்கம் முன்பக்கத்தைவிட்டுப் பிரிந்து போனதுதான். கைபேசியில் டப் தொகுப்புகள் தனியாக ஓடுகின்றன; எந்தப் பாட்டின் வெர்ஷன் என்று கேட்பாரில்லை. பெர்ரியின் ‘பிளாக்போர்ட் ஜங்கிள் டப்’ கேட்கும்போது நானே சில மூலப் பாட்டுகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கிங்ஸ்டன்காரர் இருந்திருந்தால், பேஸ் இரண்டு சுற்று வருமுன் பேரைச் சொல்லி, பாடியும் காட்டியிருப்பார்.