அடுக்களைக்குப் பலகை எடுக்கும் முன்

சென்னை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அடுக்களைக் கொட்டேஷனைப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதி உன் காதில் ஏறாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கடைக்காரர் பக்கம் பக்கமாக ஷட்டரின் நிறத்தைப் பற்றியே எழுதியிருக்கிறார். உள்ளே பெட்டி எதில் என்பதற்கு ஒரே வரி: ‘என்ஜினியர்டு வுட்’. அது பார்ட்டிகிள் போர்டாகத்தான் இருக்கும், கேட்டுப் பார். மரச்சிம்பையும் தூளையும் பசை போட்டு அழுத்திய பலகை. எங்கள் எதிர்வீட்டில் சிங்க்குக்கு அடியில் அதைத்தான் போட்டிருந்தார்கள். குழாய் மூட்டில் சொட்டுச் சொட்டாகக் கசிந்ததை யாரும் கவனிக்கவில்லை. அடிப்பலகை டீயில் நனைந்த பொறை மாதிரி உப்பி, கீல் திருகு கையோடு வந்துவிட்டது. மேலே ஒட்டிய மைக்கா மட்டும் புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. ஒரு தடவை உப்பினால், காய்ந்தாலும் அது பழையபடி ஆகாது.

ப்ளைவுட் கேள். அதிலும் ஓரளவு ஈரம் தாங்கும் எம்.ஆர். கிரேடு படுக்கையறை அலமாரிக்குப் போதும்; அடுக்களைக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பி.டபிள்யூ.பி. ப்ளைவுட்தான். 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் ஒட்டு விடக்கூடாது என்பது அதற்கு வைத்திருக்கும் சோதனை. முத்திரையைப் பார்த்ததோடு நிற்காதே. முத்திரை குத்துவது பெரிய வேலையா? வெட்டிய விளிம்பைப் பார். நடு அடுக்குகளில் சந்து தெரிந்தாலோ, பட்டி வைத்து அடைத்திருந்தாலோ வேண்டாம். விரல் முட்டியால் நெடுகத் தட்டிக்கொண்டே போ, உள்ளே பொள்ளலான இடத்தில் சத்தம் மாறும். வெட்டிய எல்லா விளிம்புக்கும் பேண்டிங் பட்டை ஒட்டச் சொல், சுவரைப் பார்க்கிற பின்விளிம்பு உட்பட. ஆசாரிகள் அங்கேதான் விட்டுவிடுவார்கள், தண்ணீர் அங்கேதான் நுழையும். பெட்டியும் தரையில் உட்காராமல் நாலு அங்குலக் காலில் நிற்கட்டும். உன் வீட்டில் தினமும் தரை கழுவுகிறவர்கள் ஆயிற்றே!

இவ்வளவு சொன்னாலும், சிங்க் அடியில் ப்ளைவுட்டும் வேண்டாம் என்பதே என் கட்சி. அம்மா காலத்து மாதிரி கடப்பா கல்லை நிறுத்தித் தடுப்பாக்கி, முன்னால் கதவு மட்டும் மாட்டு. மாடுலர் கிச்சன்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். மேடைக்குக் கடப்பா ஆகாது. அது சுண்ணாம்புக்கல், புளியும் எலுமிச்சையும் பட்டால் அரித்துத் திட்டுத் திட்டாக வெளுக்கும். அங்கே கிரானைட் போடு. அதன் முன்விளிம்புக்கு அடியில் நெடுக ஒரு கோடு கீறச் சொல். சிந்துகிற தண்ணீர் அடிவழியாக ஓடிக் கதவில் இறங்காமல் அந்தக் கோட்டிலேயே சொட்டிவிடும்.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. போர்டு பற்றிக் கேட்டிருந்தாய். கரையான் தொடாது, தண்ணீரில் ஊறாது, உண்மைதான். ஆனால் மலிவு ரகத்தில் திருகு சரியாகப் பிடிக்காது. நீளத் தட்டில் அரிசியும் பருப்புமாக அடுக்கினால் தொய்யும். அடுப்புச் சூட்டுக்கும் ஆகாது.

நீ இருக்கும் குளச்சலில் உப்புக்காற்று வேறு. கீல், கூடை, கைப்பிடி எல்லாம் 304 எவர்சில்வர் என்று எழுதி வாங்கு. காந்தத்தை வைத்துக் காட்டி ‘ஒட்டலை பாருங்க’ என்பார்கள். 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. அதில் நிக்கல் குறைவு, கடற்கரையில் சீக்கிரம் துரு ஏறும்.

பழைய வீட்டைப் பிரித்த அயினிப் பலகைகளை விற்றுவிடாதே. வள்ளம் கட்டுகிற மரம் அது. ஆணிகளைப் பிடுங்கி இழைத்தால், கதவுச் சட்டத்துக்கு அதைவிட நல்லதாகக் கடையில் கிடைக்காது.

கையில் பணம் போதாதென்றால் மேல் அலமாரிகளை அடுத்த வருஷத்துக்குத் தள்ளு. கீழ்ப்பெட்டியில் மிச்சம் பிடிக்காதே. திருத்திய கொட்டேஷன் வந்ததும், அட்வான்ஸ் கொடுக்கும் முன் எனக்கு அனுப்பு. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா