தாத்தா எந்த நாட்டவர்?

ஞாயிறு. டிக்கோயா.

காலையிலிருந்து மழை. அம்மாவுக்கு இந்திய வீசா விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தேன். கோத்தகிரியில் இருக்கும் பெரியம்மாவுக்குக் கண் மங்கி வருகிறது. முழுசாகப் போவதற்குள் தங்கச்சி முகத்தைப் பார்க்க வேண்டுமாம்.

பெயர், பிறந்த தோட்டம், கடவுச்சீட்டு இலக்கம் எல்லாம் மளமளவென்று ஓடின. தகப்பனாரின் தேசியம் என்ற இடத்தில் கை நின்றுவிட்டது.

தாத்தாவும் இதே டிக்கோயாவில் பிறந்தவர்தான். வெள்ளைக்காரன் காலத்தில் பிரித்தானியப் பிரஜை. 1948 நவம்பர் 15இல் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், நீ இங்கே பிறந்தது போதாது, உன் தகப்பனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றார்கள். லயத்துச் சனத்திடம் ஏது அத்தாட்சி? 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டார், தள்ளுபடி. 1964 அக்டோபரில் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றிருந்த 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பங்கு வைத்தார்கள். தாத்தா மறுபடியும் இலங்கைக்கே மனுப் போட்டார். பதில் வரும் முன்பே, 1979இல், கண்ணை மூடினார்.

திங்கள். ஹட்டன்.

விண்ணப்பம் அடிக்கும் கடைத் தம்பி, "இலங்கை என்றே போடுங்க அண்ணே, வீணா வில்லங்கம் வரும்" என்றான். போட்டேன். அம்மா போயாக வேண்டும். ஆனால் உயிரோடு இருந்தவரை தாத்தாவைத் தன் பிள்ளையாக ஏற்காத நாட்டின் பெயரை அவருக்கு நானே எழுதியது நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. இந்தக் கொப்பியிலாவது சரியாக எழுதிவைக்கிறேன்: 1948 முதல் சாகும்வரை நாடற்றவர்.

அம்மாவுக்கே 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சத்தியக்கடதாசி கொடுத்த பிறகுதான் பிரஜாவுரிமை. அந்தக் கடதாசி இன்னும் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது.

புதன். கண்டி.

கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை. வழியெல்லாம் அம்மா பேசிக்கொண்டே வந்தார். அந்தக் காலத்தில் இந்தியா பாஸ்போர்ட் எடுக்கவும் கண்டிக்குத்தான் வருவார்களாம். பெரியம்மாவின் மாமனார் இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருந்தார். குடும்ப அட்டையில் மருமகள் பெயரும் சேர்ந்துவிட்டது. அவ்வளவுதான், யாரும் அவரைக் கேட்கவில்லை. ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி நகர்ந்தபோது உள்ளேயும் வெளியேயும் மாரடித்து அழுதார்களாம். ஒப்பாரிக் கோச்சி என்று பெயரே வந்துவிட்டது. தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் நீலகிரியில் திரும்பவும் கொழுந்துக் கூடை. தாயகம் திரும்பியோருக்கென்று தமிழக அரசு நட்ட தேயிலையில்தான் பெரியம்மா ஓய்வு பெறும்வரை பறித்தார்.

பத்திரங்களைக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் அம்மா கால் வலிக்கிறது என்று படியில் உட்கார்ந்துவிட்டார். பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன்.

வெள்ளி. டிக்கோயா.

வீசா வந்துவிட்டது. ஒரு மாதம் தங்கலாம். பெரியம்மாவுக்குப் போன் போட்டோம். இரண்டு பேரும் பேசாமல் அழுதுகொண்டிருந்தார்கள்.

இரவு படுத்த பிறகு அம்மா கூப்பிட்டார். "தம்பி, பாஸ்போர்ட் எடுத்துப் போன ஒருத்தரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்ல. என்னை விடுவாங்களா?"

விளக்கைப் போட்டு, திரும்பி வரும் டிக்கட்டை எடுத்து, தேதியைக் காட்டினேன். இன்னொரு தரம் காட்டச் சொன்னார்.